ஒதுக்கி வைத்த டெல்டா படங்கள்: வெளுத்த வானம், சிவந்த பிரிண்ட், பூஞ்சை பிடித்த நெகட்டிவ்

காவிரி டெல்டாவில் எடுத்த பழைய படங்களைக் கணினியில் எப்படித் திருத்துவது என்று நான்கு ஊர்க்காரர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள். பேசுபவரின் ஊரே தலைப்பு.

திருவையாறு:

"சரியா வரலை" என்று ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கிய காவிரிப் படங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான். வானம் வெளுத்திருக்கும், வயல் மங்கியிருக்கும். நம் பக்கம் மலை கிடையாது, படத்தில் பாதி வானம். பகல் 11 மணிக்கு எடுத்தால் அந்தப் பாதி வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

திருத்த உட்காரும்முன் கோப்பு ராவா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பது), ஜேபெக்கா (கேமரா சுருக்கித் தந்தது) என்று பாருங்கள். 14 பிட் ராவில் ஒரு வண்ணத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. ராவில் ஹைலைட்டை (வெளிச்சப் பகுதிக்கான ஸ்லைடர்) −70, −80 வரை இறக்கினால் மேகத்தின் விளிம்பு திரும்ப வரும். ஜேபெக்கில் அதையே செய்தால் வெள்ளை சாம்பலாகும், நீலம் படிப்படியாக மாறும் இடத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மூன்று வண்ணமும் நிரம்பிப்போன இடத்தில் ராவிலும் மீட்க ஒன்றும் இருக்காது.

2012-க்கு முன் லைட்ரூம் மென்பொருளில் திருத்திய ரா என்றால், அது பழைய ப்ராசஸ் வெர்ஷனிலேயே (திருத்தும் முறையின் பதிப்பு) திறக்கும். இன்றைய ஹைலைட், ஷேடோ (நிழல்) ஸ்லைடர்கள் வேண்டுமானால் புதியதற்கு மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய தோற்றம் குலையும். ஆகவே விர்ச்சுவல் காப்பி (பழைய திருத்தத்தைத் தொடாத இன்னொரு பிரதி) எடுத்து அதில் மாற்றுங்கள்.

கும்பகோணம்:

அண்ணன் வானத்தைச் சொல்லிவிட்டார், நான் வயலுக்கு வருகிறேன். பச்சை ஸ்லைடரை எவ்வளவு தள்ளினாலும் நெல்வயல் அசைந்து கொடுக்காது. பயிரின் நிறத்தில் பெரும்பங்கு மஞ்சள் பட்டையில்தான் இருக்கிறது. மஞ்சளின் ஹ்யூவை (நிறச்சாயல்) +10 முதல் +20 வரை ஏற்றி, சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) 10 குறைத்துப் பாருங்கள், வயல் உயிர்பெறும்.

ஆனால் அது எந்தப் பருவத்துப் படம் என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். நாற்றங்கால் என்றால் மஞ்சள் கலந்த இளம்பச்சை. தூர் கட்டிய சம்பா கரும்பச்சை. நாற்றங்காலைக் கரும்பச்சை ஆக்கினால் வயல் தெரிந்தவர் கண்ணை உடனே உறுத்தும்.

ஆற்றுக்கும் இதே விதி. மேட்டூர் திறந்து வரும் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். நிறத்தைத் தானே சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் செம்மையைப் பிழையாக எடுத்துக்கொண்டு நீலத்தை ஏற்றி, வெள்ளத்தைக் குட்டைத் தண்ணீர் ஆக்கிவிடும். நல்ல வெயில் படமாக இருந்தால் ஒயிட் பேலன்ஸைக் கையால் 5200–5500 கெல்வின் (ஒளியின் நிற அளவு) வையுங்கள். வெள்ளையைத் தொட்டுக்காட்டும் ஐட்ராப்பரைத் தண்ணீரில் வைக்கவே கூடாது. கரையில் உலரும் வேட்டி, கோயில் மதிலின் காவிப் பட்டைக்கு நடுவில் இருக்கும் வெள்ளைப் பட்டை, இவற்றில் வைத்துச் சரிபாருங்கள்.

மங்கலை நீக்கும் டீஹேஸை முழுப் படத்துக்கும் கொடுத்தால் நிழல் கருத்து நீலம் பாயும், தென்னங்கீற்றைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும். தொடுவானத்தை ஒட்டிய பட்டையை மட்டும் மாஸ்க் போட்டுத் தேர்ந்து 15–20 கொடுத்தால் போதும்.

வேதாரண்யம்:

வானத்தையே மாற்றும் கருவியைப் பலர் கேட்கிறார்கள். நடவு முடிந்த வயல், உப்பளம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்கால், இந்த மூன்றிலும் அதைத் தொடாதீர்கள். மேலே புது வானம் ஒட்டும், நாற்றுகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் பழைய வானம் கிடக்கும். நீரிலும் சேர்த்து மாற்றித் தரும் கருவி நாற்றின் நுனிகளைத் தின்றுவிடும். ஆடி மேகமும் ஐப்பசி மேகமும் வேறு வேறு. குறுவை நடவின் மேல் ஐப்பசி மழைமேகத்தை ஒட்டினால் அது எந்த ஊரிலும் எந்த நாளிலும் நடக்காத படம்.

இன்னொன்று, தன்னில் தெரியும் வானத்தைவிட நீர் சற்று இருட்டாகவே இருக்கும். ஷேடோவை ஏற்றும் வேகத்தில் வயல்நீர் வானத்தைவிட வெளிச்சமாகிவிட்டால் படம் பொய்யாகத் தெரியும், காரணமும் சட்டென்று பிடிபடாது. கீழ்ப்பாதிக்கு கிரேடியன்ட் (படிப்படியாகக் குறையும் மாஸ்க்) போட்டு வெளிச்சத்தை அரை ஸ்டாப் (எக்ஸ்போஷர் −0.5) இறக்கினால் சரியாகும்.

உப்பளப் படங்களை எஃப் 16-இல் (லென்ஸ் துளையைச் சிறிதாக்கி) எடுத்திருப்பார்கள், வானம் முழுக்கச் சென்சார் தூசி தெரியும். அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு படத்தில் அழித்து அதே திருத்தத்தை மற்றவற்றுக்கும் சிங்க் செய்யுங்கள். செய்தபின் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். புள்ளி விழுந்த இடத்தில் கொக்கோ மின்கம்பியோ இருந்தால் அதுவும் பாதி அழிந்திருக்கும்.

மன்னார்குடி:

பிரிண்டும் நெகட்டிவும் வைத்திருப்பவர்களுக்கு. ஆல்பத்தில் கிடந்த கலர் பிரிண்ட் சிவந்துபோவதற்குக் காரணம் சயான் (நீலப்பச்சை) சாயம் முதலில் மங்குவது. 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), 16 பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, லெவல்ஸில் (வெளிச்ச அளவைத் திருத்தும் கருவி) சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு வண்ணச் சேனலாகத் திறந்து பாருங்கள். சிவப்புச் சேனலின் வரைபடம் இடது ஓரத்தைத் தொடாமல் தள்ளி நிற்கும். கருப்பு முனையை அது தொடங்கும் இடத்துக்கு இழுங்கள். பாதி நிறம் அங்கேயே திரும்பிவிடும்.

சில்க் தாளில் போட்ட ஸ்டுடியோ பிரிண்டில் மேற்பரப்பின் புள்ளிகள் ஸ்கேனில் பளபளக்கும். ஒருமுறை ஸ்கேன் செய்து, பிரிண்டை 180 டிகிரி திருப்பி இன்னொருமுறை செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேல் அடுக்கின் ஒபாசிட்டியை (மறைக்கும் அளவு) 50 சதவீதம் ஆக்கினால் பளபளப்பு பெருமளவு அடங்கும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன பிரிண்டைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

நம் ஈரக்காற்றில் நெகட்டிவுக்கு எதிரி பூஞ்சை. அதைத் தண்ணீரில் கழுவினால் படமே வழிந்துபோகும், பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி, முதலில் ஓரத்தில் சோதனை. 35 மிமீ நெகட்டிவுக்கு 3200 டிபிஐ போதும், சுமார் 4500 பிக்சல் அகலம் கிடைக்கும். ஸ்கேனரின் இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் கலர் நெகட்டிவுக்கு மட்டும். கருப்பு வெள்ளையில் வெள்ளித் துகளையே தூசியென்று அழித்துவிடும்.

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்த தேதியை அழகுக்காக அழிக்காதீர்கள். 2018 ஆகஸ்ட் 22-இல் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கம் 9 மதகுகள் உடைந்து போயின. அதே ஆண்டு நவம்பர் 16-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. இவற்றுக்கு முந்தைய படத்தை இனி யாரும் எடுக்க முடியாது, அது முந்தையது என்று சொல்வது அந்தத் தேதிதான்.

திருவையாறு:

தம்பி சொன்ன தேதிக்கு ஒரு எச்சரிக்கை. பேட்டரி தீர்ந்த கேமராவில் தேதி, ஆலையில் வைத்த தொடக்கத் தேதிக்கே போயிருக்கும். பயிரின் உயரம், ஆற்றில் தண்ணீர், நிழலின் நீளம் மூன்றும் அந்தத் தேதிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, திருத்திய கோப்பின் விவரக் குறிப்பில் ஊர், ஆறு, மாதம் எழுதிவிடுங்கள். மூலக் கோப்பைத் தனி டிஸ்கில் தொடாமல் வையுங்கள்.