குளத்து ஓரத்தில் நின்ற அடையாளம்

எலிகளை வைத்து நடத்தைச் சோதனை செய்தவர்கள் சறுக்கி விழுந்த கதைகளைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

ஆய்வில் சேர்ந்த முதல் வருடம், வாட்டர் மேஸ் என் பொறுப்பு. ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் கொண்டுவந்த சோதனை. பெரிய வட்டத் தொட்டி, பால்பவுடர் கலந்த தண்ணீர், அதற்குள் 1 செ.மீ. ஆழத்தில் ஒளிந்திருக்கும் ஒரு மேடை. நீந்துகிற எலிக்கு மேடை தெரியாது. அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து இடத்தை நினைவில் வைக்க வேண்டும். மூளையில் இட நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமான எலி இதில் திணறும்.

என் எலிகள் ஐந்தாம் நாள் 10 நொடிக்குள் மேடை ஏறின. தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாள் மேடையை எடுத்துவிட்டு 60 நொடி நீந்த விட்டோம். மேடை இருந்த கால்வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தால் நினைவிருக்கிறது என்று அர்த்தம். அன்று கேமரா வயர் காலில் இடறியதால் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். எலிகளும் நேர் எதிர்க் கால்வட்டத்தில் போய்த் தேடின. ஒன்றல்ல, முக்கால்வாசி எலிகள்.

நினைவில் குறையே இல்லை. ஐந்து நாளும் ஒரே இடத்தில் அசையாமல் நின்ற என் வெள்ளைக் கோட்டுதான் அவற்றுக்கு அடையாளம். நான் மெனக்கெட்டு வரைந்து ஒட்டிய முக்கோணத்தையும் நட்சத்திரத்தையும் ஏறெடுத்தும் பார்த்திருக்காது போல. அப்புறம் திரை கட்டி, பக்கத்து அறையில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.

—

இதைவிட வெட்கக்கேடு எங்களுடையது. பதற்றத்தை அளக்கும் ப்ளஸ் மேஸ்: உயரத்தில் கூட்டல் குறி போல நான்கு கைகள், இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவெளி. பயந்த சுண்டெலி சுவருக்குள்ளேயே பதுங்கும். 5 நிமிடம்தான் சோதனை. மருந்து கொடுத்த கூட்டத்தை உடன் படித்தவர் எடுத்துக்கொண்டார், கொடுக்காததை நான். (ஆமாம், அப்படிப் பிரித்திருக்கவே கூடாது. தெரியும்.) அவருடைய சுண்டெலிகள் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மருந்து பதற்றத்தைக் கூட்டுகிறது என்று படம் வரைந்து, ஆய்வகக் கூட்டத்திலும் காட்டியாயிற்று.

பிறகுதான் கவனித்தேன், அவர் வாலைப் பிடித்துத் தூக்குகிறார். நான் குழாய்க்குள் வரவிட்டு எடுப்பேன். வாலைப் பிடித்துத் தூக்கினால் பதற்றம் கூடும் என்று 2010-லேயே ஆய்வு வந்திருந்தது. யார் கையில் எது என்று குலுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் குழாயிலேயே எடுத்து மறுபடி செய்தோம். வித்தியாசம் காணாமல் போனது. மூன்று மாதம் போச்சு.

—

என்னுடையது சின்னது. சி3எச் இனச் சுண்டெலிகளை வாட்டர் மேஸில் விட்டு, நான்கு நாளும் மேடை கிடைக்கவில்லை என்று நினைவாற்றல் குறைபாடு எழுதிவிட்டேன். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "கொடி நட்டு, மேடையைத் தண்ணீருக்கு மேலே வைத்துப் பாரேன்" என்றார். வைத்தேன். முட்டிக்கொண்ட பிறகுதான் ஏறின. பரம்பரையாகவே விழித்திரை சிதைந்துபோகும் இனமாம் அது.