ஃப்ளீட்: உலைத் தொகுப்பா, ஓரச்சு உலைகளா?

கீழக்கரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிற்றிதழுக்கு இந்திய அணுமின் நிலையங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. தெற்கே கூடங்குளம், வடக்கே கல்பாக்கம், நடுவில் நம் கடற்கரை. படிக்க ஆள் இருக்கும். ‘நியூக்ளியர் ஃப்ளீட்’ வருகிற இடமெல்லாம் எழுதியவர் ‘அணுக் கப்பற்படை’ என்று போட்டிருக்கிறார். உச்சிப்புளியில் கடற்படைத் தளம் இருக்கிற மாவட்டத்தில் இதை அச்சிட்டால் ஏவுகணை சமாச்சாரம் என்றுதான் நினைப்பார்கள். ‘உலையணி’ என்று மாற்றட்டுமா?

தொண்டியிலிருந்து:

உலையணி வேண்டாம் பாய். இளைஞரணி, மகளிரணி, வர்த்தகரணி வரிசையில் அதற்கும் ஒரு மாவட்டச் செயலாளர் வந்துவிடுவார். ‘தொகுதி’யும் ஆகாது, அது ஓட்டுப் போடுகிற இடம். ‘உலைத் தொகுப்பு’ என்பது என் யோசனை.

மண்டபத்திலிருந்து:

> ‘உலைத் தொகுப்பு’ என்பது என் யோசனை.

எனக்கும் சம்மதம். ஆனால் அந்தக் கட்டுரைக்கு ஒரு சொல் போதாது. ஃப்ளீட் அதில் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று, நாட்டில் ஓடுகிற உலைகள் மொத்தமும். மற்றது ‘ஃப்ளீட் மோடு’: ஒரே வடிவமைப்பில் பல உலைகளுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்து அடுத்தடுத்துக் கட்டுவது.

நம் நாட்டில் இந்த இரண்டும் வெகுகாலம் ஒட்டவே இல்லை. 1969இல் தாராப்பூரில் ஓடத் தொடங்கியவை அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கொடுத்த கொதிநீர் உலைகள். ராவத்பாட்டாவுக்கு வந்தது கனடாவின் கனநீர் உலை. 1974இல் பொக்ரானில் சோதனை நடந்ததும் கனடா ஒதுங்கிக்கொண்டது. ராவத்பாட்டாவில் பாதியில் நின்ற இரண்டாவது உலையை நம்மவர்களே முடித்தார்கள். 1984இலும் 1986இலும் உற்பத்திக்கு வந்த கல்பாக்கம் உலைகள் சொந்தக் கட்டுமானம். அப்புறம் நரோரா, காக்ரபார், கைகா என்று 220 மெகாவாட் உலைகள் இரண்டிரண்டாக. தாராப்பூரிலேயே 540 மெகாவாட்டில் இரண்டு. கூடங்குளத்தில் ரஷ்யாவின் 1000 மெகாவாட் உலைகள். 220இல் வடிவம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் மொத்த ஆர்டர் என்று எதுவும் இல்லை. பணம் கிடைத்தபோது கட்டினார்கள், அவ்வளவுதான்.

2017 மே மாதம் 700 மெகாவாட் கனநீர் உலைகள் பத்துக்கு மத்திய அமைச்சரவை ஒரே நாளில் ஒப்புதல் கொடுத்தது. ‘ஃப்ளீட் மோடு’ என்பது இதைத்தான். நீராவி உற்பத்திக் கலன் மாதிரி கனத்த உருப்படியைச் செய்கிற ஆலைகள் நாட்டில் சிலதான். ஒன்றிரண்டுக்கு ஆர்டர் கொடுத்தால் அவர்கள் ஏன் புது எந்திரம் வாங்கிப் போடப்போகிறார்கள்?

இங்கே தடைக்காலத்தில், ஏப்ரல் 15க்கு மேல், விசைப்படகு என்ஜின்களைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். நாலு படகிலும் ஒரே லேலண்ட் என்ஜின் வைத்திருக்கிற முதலாளிக்கு ஒரு மெக்கானிக் போதும். ஒன்றின் பம்பைக் கழற்றி மற்றதில் மாட்டிவிடலாம். நாலும் நாலு மேக் என்றால் சீசன் தொடங்குகிற அன்றும் பாதிப் படகு கரையில்தான்.

ஆகவே இரண்டாவது பொருளுக்கு ‘ஓரச்சு உலைகள்’, ‘ஓரச்சுக் கட்டுமானம்’ என்று வைக்கலாம். ஒரே அச்சில் வார்த்தது மாதிரி என்று எல்லோரும் சொல்வதுதானே.

தொண்டியிலிருந்து:

இயற்பியல் வாத்தியார் சும்மா இருப்பேனா அண்ணே? படிகவியலில் ‘ஓரச்சுப் படிகம்’ என்று ஒன்று உண்டு, அங்கே அச்சு என்பது வார்க்கிற அச்சு இல்லை, ‘ஆக்சிஸ்’. அதோடு ஓரச்சு என்றாலே நல்லது என்பது போல எழுதிவிட்டீர்கள். பிரான்ஸ் 1974இல் திட்டம் போட்டு ஒரே மாதிரி உலைகளை வரிசையாகக் கட்டிய நாடு. 2021 கடைசியில் சிவோ நிலையத்தின் குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டார்கள். அதே வடிவமைப்பு உள்ள மற்ற உலைகளையும் நிறுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. மற்ற பராமரிப்புகளும் சேர, 2022இல் ஒரு கட்டத்தில் 56 உலைகளில் பாதிக்கு மேல் ஓடவில்லை.

மண்டபத்திலிருந்து:

அதனால்தான் இந்தச் சொல் வேண்டும் என்கிறேன் தம்பி. பிரான்சில் மொத்தத் தொகுப்பும் பழுதாகவில்லை. சில ஓரச்சு வரிசைகள்தான் முதலில் மாட்டின. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் நீங்கள் சொன்னதை எழுதவே முடியாது. படிகத்தையும் உலையையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறவர் யார்? இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்கல் ‘தொகுப்பு’ பக்கம்தான். கட்டுரையில் கிரிட்டைக் குறிக்க ‘மின்தொகுப்பு’ம் வருகிறது. அதை ‘மின்கட்டமைப்பு’ ஆக்கிவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

மாற்றிவிட்டேன். வரப்போவதைப் பற்றிய பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

“2025 தொடக்கத்தில் இந்திய உலைத் தொகுப்பின் நிறுவுதிறன் 8,180 மெகாவாட். 2047க்குள் அதை 1,00,000 மெகாவாட் ஆக்குவது அரசின் இலக்கு. 700 மெகாவாட் உலைகளில் முதல் இரண்டும் காக்ரபாரில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்திக்கு வந்தன. 2033க்குள் குறைந்தது ஐந்து சிறு உலைகளை ஓட்ட வேண்டும் என்று 2025 பட்ஜெட்டில் 20,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது.”

அந்தச் சிறு உலைகளின் ‘மாடுலர்’ என்ற பெயருக்கு எழுதியவர் ‘மட்டு உலை’ என்று போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் படித்துவிட்டு, “மட்டமான உலையா?” என்று கேட்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.