ஆறாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா?

பவானிக்கரை (கேள்வி):
வணக்கம். ஈரோடு மாவட்டம், பவானிக்கு அருகில் வசிக்கிறோம். மகள் மெட்ரிக் பள்ளியில், ஆங்கில வழியில், ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், சீருடை, புத்தகம் என ஆண்டுக்காண்டு செலவு ஏறுகிறதே தவிர, ஜமக்காளத் தறியை நம்பியிருக்கும் எங்கள் வருமானம் ஏறுவதாக இல்லை. நடந்து செல்லும் தொலைவில் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. சற்றுத் தள்ளி அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றும் உள்ளது. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரப்படும் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்காக ஆறாம் வகுப்பிலேயே மாற்றிவிடுமாறு சிலர் சொல்கிறார்கள். மாமியாரோ, மெட்ரிக்கில் போட்ட பிள்ளையை எடுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்கிறார். மாற்றுவது சரியா? உதவி பெறும் பள்ளிக்கும் அதே சலுகைகள் உண்டா?

கரும்பலகை:
சகோதரி, அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். மருத்துவச் சேர்க்கைக்கான 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கே 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பொருந்தும். 2021இல் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் இந்த வாய்ப்பு கிடையாது. (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டணமில்லா 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் கட்டணம் செலுத்துவதால் அது உங்களுக்குப் பொருந்தாது.)

உதவி பெறும் பள்ளியில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அங்கே படிப்பவர்களுக்கு 7.5 சதவீதம் இல்லை. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டுமே.

கொங்குவாசி:
ஆசிரியர் கூறும் விதிகள் சரியானவையே. எனினும், பத்து வயதுப் பிள்ளையின் பள்ளியை ஏழு ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒரு சேர்க்கையை மனத்தில் வைத்து மட்டும் முடிவு செய்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவள் மருத்துவத்தை விரும்புவாளா என்பதே இன்னும் தெரியாது. என் மகனை நான் தனியார் பள்ளியிலேயே தொடர வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் நெடுநாளாக நிரப்பப்படாமல் இருந்ததே காரணம்.

அதற்காகத் தனியார் பள்ளிகளை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் நம் பக்கத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்த பொதுத்தேர்வு அதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. 2025-26 முதல் அத்தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. தனியார் பள்ளியில் தொடர்வதானால், கட்டண நிர்ணயக் குழு அப்பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு, நீங்கள் செலுத்துவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம்மணி:
எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் ஒரு பெற்றோர் உறுப்பினர். இக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி அறிய, அங்கே பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு தாயை நேரில் பார்ப்பதே நல்லது. கணிதம், அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் உண்டா, அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகத் தற்காலிகமாக ஆள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மேல்நிலையில் உயிரியல் பிரிவு இருக்கிறதா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்பில் வேறு பள்ளி தேட வேண்டிவரும். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறையைக் கேட்டறிந்தால் போதாது, போய்ப் பாருங்கள்.

நாலு பேர் பேச்சைப் பற்றி: அவர்கள் யாரும் வேன் கட்டணம் கட்டப் போவதில்லை.

பவானிக்கரை:
அனைவருக்கும் நன்றி. அரசுப் பள்ளியில் விசாரித்ததில், அறிவியலுக்கும் கணிதத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உயிரியல் பிரிவும் உண்டு. அங்கே ஆறாம் வகுப்பில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உள்ளன. தமிழ் வழியில் சேர்த்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்கிறார்களே?

கரும்பலகை:
அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான அந்த 20 சதவீத ஒதுக்கீட்டைக் கருதித் தமிழ் வழிக்கு மாற்ற வேண்டாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். அரசுப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தாலும் 7.5 சதவீதத்துக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் தடை இல்லை. அறிவியல், கணிதக் கலைச்சொற்களை அவள் இதுவரை ஆங்கிலத்திலேயே படித்திருப்பதால், அதே வழியில் தொடர்வது எளிது. பாடநூலும் பெரிதாக மாறாது. மெட்ரிக் பள்ளிகளும் சமச்சீர்க் கல்விப் பாடத்தையே பின்பற்றுகின்றன. தேர்வு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள்; பழைய பள்ளியிலிருந்து எமிஸ் எண்ணையும் (கல்வித்துறைப் பதிவில் மாணவருக்குரிய அடையாள எண்) மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கையை ஜூனுக்குத் தள்ளிப்போடாமல் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.