கிராஸ்கட் ஸ்லெட்: மூலைமட்டத்துக்குத் தெரியாத கோணல்

டேபிள் சாவில் பலகையை வைத்துத் தள்ளி, குறுக்கே நேராக வெட்ட உதவுகிற தட்டுதான் கிராஸ்கட் ஸ்லெட். அதைச் செய்கிற பலர் மேஜைப் பள்ளத்தில் ஓடுகிற ரன்னர் பட்டைக்கே பாதி நாளைச் செலவழித்துவிட்டு, பலகையை ஒட்டிவைக்கிற ஃபென்ஸ் கட்டையை மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஸ்க்ரூவை முடுக்கிவிடுகிறார்கள். கபோர்டு வேலைக்கு உயிரே அந்த ஃபென்ஸ்தான். ஒத்தக்கடையில் எங்கள் மாமா பட்டறைக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட். வெட்டும் ஆழத்தில் அந்த 12 மி.மீ. குறையும்தான், 18 மி.மீ. ஷீட் வெட்டுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ரன்னருக்கு மாமா தேக்குத் துண்டை எடுத்தார், நான் அலுமினியப் பட்டை போடலாம் என்றேன். தேக்கு நல்ல மரம், ஆனாலும் சித்திரையில் கச்சிதமாக ஓடுகிற மர ரன்னர் ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு பள்ளத்தைப் பிடிக்கும்.

நம் பக்கம் வருகிற ஃபென்ஸுக்கு ஒரு முனையில் ஒரே ஸ்க்ரூ, மறுமுனையில் கிளாம்ப் மட்டும். மாமா மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “வெளிச்சமே தெரியலையே மாப்ள, இறுக்கிடு” என்றார். ஆறு அங்குல மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத கோணல் இரண்டடி பலகையில் நாலு மடங்காகிவிடும், அப்புறம் ஷட்டர், அதாவது கபோர்டு கதவு, எப்படி நேராக உட்காரும்? அதனால் ஐந்து வெட்டு போட்டோம். ஒரு எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை) துண்டை எடுத்து, வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் சேர்த்துத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வெட்டி, ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு மெல்லிய பட்டை எடுக்க வேண்டும். எங்கள் பட்டை 400 மி.மீ. நீளம். வெர்னியர் காலிப்பரில் பட்டையின் அகலத்தை அளந்தால் ஒரு முனை 25.0, மறுமுனை 25.8. நாலு திருப்பலில் கோணல் நாலு மடங்காகச் சேர்ந்திருக்கும், ஆக 0.8-ஐ நாலால் வகுத்தால் 400 மி.மீ.க்கு 0.2. எங்கள் ஃபென்ஸில் ஸ்க்ரூவிலிருந்து மறுமுனை 600 மி.மீ., அங்கே 0.3 நகர்த்த வேண்டும். மாமா வெர்னியரை வாங்கி இரண்டு முனையையும் தானே அளந்து பார்த்தார், அதற்கப்புறம் மட்டத்தைத் தொடவில்லை.

0.3-ஐக் கண்ணால் நகர்த்த முடியாது. பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் டேப்பட் செட் பண்ணுகிற ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள், வாங்கி வந்தோம். ஃபென்ஸை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்து, ஃபென்ஸைத் தளர்த்தி, இடையில் 0.30 தகட்டைச் செருகி மறுபடி இறுக்கினோம். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழப்பம் வந்தால் இன்னொரு ஐந்து வெட்டு போடுங்கள், வித்தியாசம் கூடியிருந்தால் எதிர்ப்பக்கம். சரியானதும்தான் மீதி ஸ்க்ரூக்கள்.

பிளேடு ஃபென்ஸைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில் கட்டாயம் ஒரு கனமான கட்டை ஒட்டுங்கள், கட்டைவிரல் போய் நிற்கிற இடம் அது. பிளேடு பாதையில் ஸ்க்ரூ வேண்டாம், ஃபெவிகால் மட்டும். மாமா அதற்குச் சிவப்பு பெயின்ட் அடித்துவைத்தார், புதுப் பையன்கள் கை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று.

மைக்கா ஒட்டிய பலகைக்கும் ஸ்லெட் நல்லது. வெட்டுத் தடத்தின் விளிம்பு அடியில் தாங்குவதால் அடிப்பக்கம் சில்லு பெயர்வது குறையும். ஒரே அளவில் நிறைய ஷெல்ஃப் வெட்டுகிறவர்கள் பலகை முனை முட்டி நிற்கிற ஸ்டாப் கட்டையின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் சீவிவிடுங்கள், தூள் அடைந்தால் அளவு குறைந்துகொண்டே போகும்.