தேக்குப் பலகையில் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயர்: ஹம்மிங் போக மாட்டேன் என்கிறது

பலகைக்காரன்:
வணக்கம். அப்பா ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். அவர் போன பிறகு பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் வால்வுகள் கிடைத்தன: ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 இரண்டு, சின்ன சிக்னலைப் பெருக்கும் ஈசிசி83 ஒன்று, ஏசியை டிசியாக்கும் ஈஇசட்80 ஒன்று. எல்லாம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ், அட்டைப்பெட்டி கூடப் பிரிக்கவில்லை. விற்க மனசு வரவில்லை. சிங்கிள் எண்டட் (ஒரே அவுட்புட் வால்வு உள்ள) ஆம்ப்ளிஃபயராகக் கட்டிவிட்டேன், இப்போதைக்கு மோனோ, ஒரு ஈஎல்84 மட்டும்.

சேசிஸ் (எல்லாவற்றையும் தாங்கும் சட்டம்) பர்மா தேக்கு. காரைக்குடியில் பழைய சாமான் கடையில் வாங்கிய கதவுப் பலகை, 18 மி.மீ. கனம். இழைக்கும்போது வந்த வாசனையிலேயே அலுமினியம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சாக்கெட், டிரான்ஸ்பார்மர், வால்யூம் கண்ட்ரோல் எல்லாம் நேரே மரத்தில்தான் நிற்கின்றன.

மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் 250-0-250 வோல்ட். ஸ்பீக்கருக்கான அவுட்புட் டிரான்ஸ்பார்மர் 5 கிலோ ஓமுக்கு 8 ஓம், கோர் தகடுகளைக் கேப் (சிறு இடைவெளி) விட்டுத்தான் அடுக்கினேன் என்று சுற்றிக் கொடுத்தவர் சொன்னார். ஈஎல்84 கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 150 ஓம் ரெசிஸ்டர், அதன் மேல் 7.5 வோல்ட். பாட்டு அருமை. பாட்டு நின்றால் மட்டும் உர்ர்ர். வால்யூம் ஏற்றினால் அதுவும் ஏறுகிறது, குமிழைக் கழற்றித் தண்டைத் தொட்டால் பாதி அடங்குகிறது. முழுக்கக் குறைத்தாலும் அடியில் மெல்லிசாக ஒன்று மிச்சம் நிற்கிறது. ஈஇசட்80-க்கு அடுத்து டிசியைச் சமன் செய்யும் 47 மைக்ரோஃபாரட் கண்டன்சரை 100 ஆக்கியும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. மரம்தானே, ஷாக் அடிக்காது என்று எர்த் இல்லாத இரண்டு பின் வயர்தான் போட்டிருக்கிறேன். அதனால் இருக்குமோ?

ஐம்பதுசைக்கிள்:
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மரம் ஷாக் அடிக்காது, சரி. டிரான்ஸ்பார்மர் கோர் (நடு இரும்பு), அதன் போல்ட், நீங்கள் தொட்டுப் பார்க்கிற அந்தத் தண்டு, இதெல்லாம் மரமா? பிரைமரி (கரண்ட் நுழையும் சுற்று) இன்சுலேஷன் போய்க் கோரைத் தொட்டால் போல்ட்டில் 230 வோல்ட் வந்து நிற்கும், ஃபியூஸும் போகாது. மூன்று கோர் வயர் போட்டு, கையில் படக்கூடிய ஒவ்வொரு இரும்பையும் எர்த்தில் கட்டுங்கள்.

100 மைக்ரோவையும் எடுத்துவிடுங்கள். ஈஇசட்80-க்கு முதல் கண்டன்சர் 50-க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பாவம் அந்த வால்வு அடி வாங்குகிறது. ஹெச்டிக்கு (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட் டிசி) குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கட்டும். ஆஃப் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை.

பழையமர்ஃபி:
தம்பி, அந்தக் காலத்து ரேடியோவும் மரப்பெட்டிதான். ஆனால் மரம் வெளிச்சட்டை மட்டும், உள்ளே வால்வு நிற்பது தகரச் சேசிஸில். அந்தத் தகரம் வால்வைத் தாங்குவதோடு ஹம்மையும் மறித்தது. வால்யூம் கண்ட்ரோலை அதில் முறுக்கினாலே உடம்பு எர்த் ஆகிவிடும், தனி வயர் யாரும் இழுக்கவில்லை. உங்கள் பலகையில் அது அந்தரத்தில் நிற்கிறது. தண்டைத் தொட்டதும் ஹம் அடங்குகிறதே, அப்போது எர்த் வேலையை உங்கள் உடம்பு பார்க்கிறது. கண்ட்ரோலின் முதுகில் ஒரு வயர் பற்றவைத்து, எல்லா எர்த்தும் சேரும் புள்ளிக்குக் கொண்டுபோங்கள். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயர் இரண்டையும் கயிறு மாதிரி முறுக்கி ஓரமாக ஓட்டுங்கள். ஹீட்டருக்கான 6.3 வோல்ட் சுற்றில் நடு டேப் (நடுவிலிருந்து எடுத்த முனை) இல்லையென்றால் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் எர்த்துக்கு.

மிச்ச ஹம்முக்கு, ஆஃப் செய்து ஈசிசி83-ஐ உருவிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் எனக்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மேல்தான் சந்தேகம். அதன் பிரைமரியைக் கழற்றிவிட்டு, 8 ஓம் பக்கம் ஹெட்போன் மாட்டி, மெயின்ஸ் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். ஈஇசட்80 சாக்கெட்டில் இருக்கக் கூடாது. அவுட்புட்டைப் பலகை மேல் நகர்த்தித் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று செத்துவிடும். போல்ட் அங்கே.

உளிச்சத்தம்:
எலக்ட்ரானிக்ஸ் எனக்கு அரைகுறை, மரம் தெரியும். ஈஎல்84 சாக்கெட் ஓட்டையின் விளிம்பு இப்போதே கறுத்திருக்குமே? எவ்வளவு பழைய தேக்காக இருந்தாலும் தினம் சுட்டால் அந்த இடம் வறண்டு, ரேகையோடு வெடிக்கும். நடுவில் சதுரமாக வெட்டி 2 மி.மீ. அலுமினியத் தகடு பதியுங்கள், சாக்கெட்டுகள் அதில் இருக்கட்டும். வால்வைச் சுற்றிக் காற்றுக்கு ஓட்டைகளும் போடுங்கள். தகட்டின் ஸ்குரூ ஓட்டையைக் கொஞ்சம் நீள்வட்டமாக விடுங்கள். மழைக்காலத்தில் பலகை உப்பும், தகடு உப்பாது.

பலகைக்காரன்:
பத்து நாள் ஆகிவிட்டது. மூன்று பின் போட்டாயிற்று, 47 மைக்ரோ திரும்பி வந்தாயிற்று. ஐயா சொன்ன ஒற்றை வயரில் உர்ர் காணாமல் போனது. ஈசிசி83-ஐ உருவியும் மிச்சம் அப்படியேதான் இருந்தது. ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அவுட்புட்டை அழகுக்காக மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரை ஒட்டி, ஒரே திசை பார்க்க வைத்திருந்தேன். மறுகோடிக்குத் தள்ளிக் குறுக்கே திருப்பியதும் நிசப்தம். பலகையில் நான்கு வீண் ஓட்டைகள் மிச்சம், தேக்குத்தூளும் பசையும் வைத்து அடைத்திருக்கிறேன். விளிம்பு கறுத்திருந்தது உண்மைதான் அண்ணா, தகடு பதித்துவிட்டேன். இப்போது ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது.

அடுத்து, அப்பாவின் இரண்டாவது ஈஎல்84-ஐயும் மாட்டி ஸ்டீரியோ ஆக்கலாமா?

ஐம்பதுசைக்கிள்:
நீங்கள் சொன்ன 7.5 வோல்ட்டை 150 ஓமால் வகுத்தால் ஒரு ஈஎல்84-க்கே 50 மில்லிஆம்பியர். இரண்டுக்கு 100. ஈஇசட்80 கொடுப்பது 90. ஈஇசட்81 போட்டால் 150 வரை தாங்கும், ஆனால் அதன் ஹீட்டரே 1 ஆம்பியர் தின்னும். எல்லா ஹீட்டரும் சேர்ந்தால் 2.8 ஆம்பியருக்கு மேல். 6.3 சுற்று எத்தனை ஆம்பியர்?

பலகைக்காரன்:
2.

ஐம்பதுசைக்கிள்:
அப்படியானால் இரண்டாவது வால்வு பெட்டியிலேயே இருக்கட்டும். முதலாவது தேய்ந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.