ஒரே படத்தை நான்காவது முறையாக வாங்கலாமா?

கேள்வி:
எனக்கு உயிரான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் விஎச்எஸ் நாடாவில் வாங்கினேன். பிறகு டிவிடி, பிறகு ப்ளூ-ரே. இப்போது 4கே வட்டு வந்திருக்கிறது. கடைசிக் காட்சியில் நாயகியின் கன்னத்தில் இறங்கும் கண்ணீரை ப்ளூ-ரேயில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். டிவிடியில் அது வெறும் நிழல். இதற்கு மேலும் என்ன தெரியும்?

முதல் பதில்:
எதிலிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். 35 மி.மீ. மூல நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் தயங்காதீர்கள். ப்ளூ-ரேயின் 1920 x 1080 புள்ளிகள் 4கேயில் 3840 x 2160 ஆகின்றன, நான்கு மடங்கு. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது எச்டிஆர்தான், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் நுட்பம். இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாம்பல் நிறங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். சாதாரண ப்ளூ-ரே கருவியில் இந்த வட்டு ஓடாது, கவனம்.

இரண்டாம் பதில்:
படச்சுருளின் இயல்பான துகள்களை அழுக்கென்று துடைத்துவிடும் பதிப்புகளும் உண்டு. என்னிடமுள்ள ஒன்றில் முகங்கள் மெழுகுபோல் இருக்கின்றன. அதை நம்பிப் பழைய வட்டைக் கொடுத்துவிட்டேன். இன்றும் வயிறு எரிகிறது.

கேட்டவர்:
மூல நெகட்டிவ் என்றே உறையில் போட்டிருக்கிறது. வாங்குகிறேன். பழையவற்றைக் கொடுக்க மாட்டேன். நாடாவின் உறையில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.