பழைய பொம்மை பெயின்டில் ஈயம்: சட்ட வரம்பு இதற்கும் பொருந்துமா?

மழலைமொழி:
மகனுக்குப் பதினான்கு மாதம், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குள்தான். உறவினர் ஒரு பெட்டி நிறையப் பழைய பொம்மைகள் கொடுத்தார்கள். அதில் மஞ்சள் மர லாரி ஒன்று, ஓரமெல்லாம் பெயின்ட் உரிந்து கிடக்கிறது. நேற்று அவன் உதட்டில் மஞ்சள் துகள் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். குழந்தைகள் பொருளில் ஈயத்துக்கு வரம்பு உண்டு என்கிறார்களே, இதற்கும் அது பொருந்துமா?

காரீயம்78:
முதலில் லாரியை அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் மஞ்சள், ஆரஞ்சு பெயின்டில் வெகுகாலம் நிறமியாக இருந்தது, அதனால் பழைய மஞ்சள் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். வரம்பு என்றால், அமெரிக்காவில் 1978 முதல் பெயின்டில் 600 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 600 பங்கு ஈயம் வரை விட்டிருந்தார்கள். 2008 சட்டத்துக்குப் பிறகு அது 90 ஆனது, அடியில் இருக்கும் பிளாஸ்டிக், உலோகம் போன்றவற்றுக்கும் 2011 முதல் 100 பிபிஎம். பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கான பொருள் என்றால் தயாரிப்பாளர் வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனையெல்லாம் பொருள் கடைக்கு வரும் முன் நடப்பது. கைமாறி வந்த லாரியை யார் சோதித்திருப்பார்கள்?

அறிவழகன்_வேதியியல்:
பெயின்டை மட்டும் பார்த்தால் போதாது என்பது ஒரு குழந்தையின் உயிர் போன பிறகுதான் உறைத்தது. 2006இல் மினசோட்டாவில் நான்கு வயதுப் பையன் ஒரு கைச்சங்கிலியின் இதய வடிவத் தொங்கலை விழுங்கி இறந்துபோனான், அந்தத் தொங்கல் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். ஐரோப்பாவில் மொத்த ஈயத்தை அளக்காமல், வயிற்று அமிலம் போன்ற கரைசலில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறார்கள். சுரண்டி எடுக்கக்கூடிய பொருளுக்கு கிலோவுக்கு 160 மில்லிகிராம் என்றிருந்ததை 2018இல் 23 ஆகக் குறைத்தார்கள். இருந்தாலும் மொத்த அளவுக்கு வரம்பு வைப்பதுதான் சரி என்பேன், எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்ரே அளவைக் கருவியைப் பொருள்மேல் வைத்தால் கிடங்கிலேயே தெரிந்துவிடும், கரைசல் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

இரு_பிள்ளைத்_தாய்:
சட்டம் இருக்கட்டும், குழந்தையைக் கவனியுங்கள். குழந்தை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கு உறிஞ்சினால் சின்னக் குழந்தையின் உடம்பு பாதி வரை உறிஞ்சும், இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பார்த்தால் நன்றாகத்தான் இருப்பான், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சியையும் நம்ப வேண்டாம், இருப்பதையே இல்லை என்று காட்டிவிடும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் தூசி பறக்கும்.

மழலைமொழி:
எல்லோருக்கும் நன்றி. லாரியைப் பையில் போட்டுக் கட்டிவிட்டேன், நாளைக் காலை ரத்தப் பரிசோதனை. மீதிப் பொம்மைகளைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றில்கூடத் தயாரித்த ஆண்டு இல்லை. பெயின்ட் அடித்தது எதையும் அவனிடம் கொடுப்பதாக இல்லை.